காற்று பிரிந்ததா?



2019 அக்டோபரில் நம் அம்பத்தூருக்குப் பக்கத்து ஊரான திருமுல்லைவாயலில் இருந்து ஒரு பசுவை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். கன்று ஈன்று சில வாரங்களே ஆன மாடு. பால் குறைந்துவிட்டது. பின்னங்காலைத் தூக்கித் தன் வயிற்றைத் தானே உதைத்துக்கொண்டிருந்தது. டாக்டர்கள் சோதித்துப் பார்த்து வயிற்றைத் திறந்தார்கள். ஐந்தரை மணி நேரம் நடந்த அந்த அறுவைச் சிகிச்சையில் வெளியே வந்தது 52 கிலோ பிளாஸ்டிக். கேரி பேக், சாம்பார் கட்டிய கவர், பால் பாக்கெட் என்று நாம் தெருவில் வீசுவதெல்லாம் சுருண்டு, முறுக்கி, நாறிப்போய்க் கிடந்தது. கூடவே சில உலோகத் துண்டுகள். பசு பிழைத்தது. பத்திரிகைகளில் படத்தோடு செய்தி வந்தது; உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

மாட்டின் உதடும் நாக்கும் நம்மைப் போலப் பொறுக்கித் தின்னத் தெரிந்தவை அல்ல. மீந்த சோறு கவருக்குள் இருந்தால் கவரோடு விழுங்கும். விழுங்கியது பெருவயிற்றில் போய்த் தங்கும். பிளாஸ்டிக் செரிக்காது, குடலுக்கும் இறங்காது, அசைபோடவும் மேலே வராது. வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது அதே 2019-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி. தடை வந்து பத்து மாதம் கழித்து இந்தப் பசு போய்ப் படுத்தது. மேனாம்பேட்டிலும் கருக்கிலும் காலை நடைக்குப் போகிறவர்கள் குப்பைத் தொட்டி ஓரம் எந்தெந்த மாடு நிற்கிறது என்று பெயர் சொல்லியே அடையாளம் காட்டுவார்கள். அந்த மாடுகளின் வயிற்றில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

ஆனால் இந்த மாதம் பிளாஸ்டிக்கைப் பற்றி எழுத உட்காரவில்லை. அந்தச் செய்தியில் என்னை உறுத்தியது வேறு. வாயில்லா ஜீவன், வலிக்கிற இடம் இதுதான் என்று காலால் உதைத்துக் காட்டியது. வாய் உள்ள நாமோ, வயிறு முறுக்கிப் பிடித்துக்கொண்டு, உப்பி, வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போதும் "ஒண்ணுமில்ல, கேஸ்தான்" என்று சொல்லி ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். மருந்துக்கடையில் ஒரு மாத்திரை, பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி, பாட்டி தரும் ஓமத் தண்ணீர், அதுவும் கேட்காவிட்டால் விளக்கெண்ணெய். இப்படியே இரண்டு நாள், மூன்று நாள் போய்விடும். குடல் அடைப்பில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அடைப்பு அல்ல, இந்த மூன்று நாள்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம், பெருங்குடல் ஒன்றரை மீட்டர். நாம் குடிக்கும் தண்ணீர், உமிழ்நீர், இரைப்பைச் சுரப்பு, பித்தநீர், கணையநீர், குடலின் சொந்தச் சுரப்பு எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 7 முதல் 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் வருகிறது. அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு வெளியே போவது ஒரு டம்ளர் தண்ணீர்கூட இருக்காது. இந்த வரவு செலவு நமக்குத் தெரியாமலே அன்றாடம் நடக்கிறது. நடுவில் ஓரிடத்தில் வழி அடைபட்டால்? மழைக்காலத்தில் நம் தெருவில் பாதாளச் சாக்கடை எங்கோ கீழே அடைத்துக்கொள்ள, நம் வீட்டு வாசல் மேன்ஹோலில் பொங்குகிறதே, அதேதான். அடைப்புக்கு மேலே உள்ள குடல் உப்புகிறது. உள்ளே தேங்கும் திரவத்தை உறிஞ்ச முடியாமல் போகிறது. பேதி ஆகாமலேயே, ஒரு சொட்டு வெளியே போகாமலேயே, உடம்பின் தண்ணீரும் உப்பும் குடலுக்குள் தேங்கி, ஆள் வறண்டுபோகிறார். நாக்கு காய்கிறது, சிறுநீர் குறைகிறது, நாடி ஓடுகிறது. தண்ணீர் கொடுத்தால் வாந்தியாக வருகிறது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. குடல் முறுக்கிக்கொண்டாலோ, ஓர் இடுக்கில் மாட்டிக்கொண்டாலோ, அதற்குப் போகும் ரத்தமே நின்றுவிடும். ரத்தம் போகாத குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். பிறகு ஓட்டை விழுந்து மலம் வயிற்றுக்குள் கசிந்தால், அதன்பின் நடப்பது பெரிய போராட்டம்.

அடைப்புக்கு நாலு அடையாளம். விட்டு விட்டு அலை அலையாக வரும் முறுக்கு வலி. வாந்தி. வயிற்று உப்புசம். மலமும் காற்றும் நின்றுபோவது. நாலும் ஒன்றாக வரவேண்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைப்பு மேலே, இரைப்பைக்குப் பக்கத்தில் இருந்தால் வாந்தி முதலில் வரும், வயிறு அவ்வளவாக உப்பாது. கீழே பெருங்குடலில் இருந்தால் வயிறு மத்தளமாக உப்பும், வாந்தி கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். வாந்தியின் நிறமும் பேசும். முதலில் சாப்பிட்டது, பிறகு பச்சையும் மஞ்சளுமாகப் பித்தம், அதற்கப்புறம் பழுப்பு நிறத்தில் மல நாற்றத்தோடு. கடைசியில் சொன்னது வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம்.

வலியையும் கவனிக்க வேண்டும். அலை அலையாக வந்துகொண்டிருந்த வலி விடாமல் நிற்கும் வலியாக மாறினால், காய்ச்சலும் சேர்ந்தால், தொட்டாலே துடித்தால், குடலுக்கு ரத்தம் போகவில்லையோ என்று பயப்பட வேண்டும். வலி திடீரென்று குறைந்து, ஆள் மட்டும் சோர்ந்துகொண்டே போனால் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதானவர்களுக்கும், நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி அதிகம் தெரியாமலே உள்ளே கெட்டுப்போவது உண்டு.

"காலையில ஒரு தடவை போனாரே, அப்புறம் எப்படி அடைப்பா இருக்கும்?" என்று வீட்டில் கேட்பார்கள். அடைப்புக்குக் கீழே உள்ள குடலில் ஏற்கெனவே இருந்தது வெளியே வந்திருக்கலாம். அரைகுறை அடைப்பில் தண்ணீராகப் பேதிகூடப் போகும். ஆகவே ஒருமுறை போனதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். பிரசவ வார்டில் துணைக்கு இருந்தவர்களுக்கு இது தெரியும். சிசேரியன் முடிந்த பெண்ணிடம் நர்ஸம்மா வந்து, அறையில் மாமனார் நிற்கிறாரா மைத்துனர் நிற்கிறாரா என்றெல்லாம் பார்க்காமல், "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்று சத்தமாகக் கேட்பார். அந்தப் பெண் வெட்கத்தில் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். பிரிந்தது என்று தெரிந்தால் மாமியார் முகத்தில்கூட ஒரு மலர்ச்சி. இட்லிக்கு உத்தரவு கிடைத்துவிட்டதே! (இப்போதெல்லாம் அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள்.) அறுவைக்குப் பிறகு குடல் சில நாள் மயங்கிக் கிடக்கும், அது எழுந்து வேலையைத் தொடங்கியதற்கு முதல் சாட்சி அந்தக் காற்று. வயிற்று வலியோடு வருகிறவரிடம் டாக்டர் கேட்கும் முதல் சில கேள்விகளில் அதுவும் ஒன்று. நம் வீட்டிலோ அது சிரிப்புக்குரிய விஷயம், அல்லது பேசக் கூடாத விஷயம். மகன் அப்பாவிடம் கேட்கமாட்டான், மருமகள் மாமனாரிடம் கேட்கவே முடியாது. பெரியவர் தாமாகவும் சொல்லமாட்டார். ஆஸ்பத்திரியில் கேட்டால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். இந்த ஒரு கூச்சத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மாதப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தைகள் சமாச்சாரம் தனி. நம் பகுதியில் மட்டுமல்ல, சென்னையிலும் வட மாவட்டங்களிலும் "இங்கு தொக்கம் எடுக்கப்படும்" என்ற போர்டைப் பார்க்காமல் நாலு தெரு தாண்ட முடியாது. குழந்தை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, இளைத்துப் போகிறது என்றால், சோறோ முடியோ உள்ளே எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்று கூட்டிப் போவார்கள். தொக்கம் எடுப்பவர் வயிற்றைத் தடவுவார், குழாய் வைத்து உறிஞ்சுவார், ஏதோ ஒரு பருக்கையையோ முடியையோ எடுத்துக் காட்டுவார். இதன் உறவுக்காரர்கள்தான் குடலேற்றமும் உரமும். குடலேற்றத்துக்கு வயிற்றில் எண்ணெய் தடவி நீவுவதும், குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் தட்டுவதும் உண்டு. உரம் விழுந்தால் வேட்டியில் போட்டு உருட்டுவார்கள்.

இதைச் செய்யும் பாட்டிகளைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் இல்லாத ஊரில், இரவு முழுக்கக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். குழந்தைகளுக்கு வரும் வயிற்றுக் கோளாறில் பெரும்பகுதி ஓரிரு நாளில் தானாகவே சரியாகிவிடும். தொக்கம் எடுத்தாலும் சரியாகும், எடுக்காவிட்டாலும் சரியாகும். ஆனால் கீறலே இல்லாமல் தோல் வழியாக வயிற்றுக்குள் இருப்பதை வெளியே உறிஞ்சி எடுக்க யாராலும் முடியாது. நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று இரைப்பையில் இருக்காது. காட்டப்படும் பருக்கை, குழந்தையின் வயிற்றில் இருந்து வந்தது அல்ல. இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

தானாகச் சரியாகாத ஒன்று வரும்போதுதான் ஆபத்து. அதன் பெயர் குடல் சொருகல். குடலின் ஒரு பகுதி, அடுத்த பகுதிக்குள் போய்ச் சொருகிக்கொள்ளும். அதிகமாக வருவது ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, அதுவும் நன்றாகப் புஷ்டியாக இருந்த குழந்தைக்கு. திடீரென்று காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு வீறிட்டு அழும். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று ஒன்றுமே நடக்காதது போலக் கிடக்கும். தாய் நிம்மதிப் பெருமூச்சு விடுவாள். கால் மணியில் மறுபடியும் அதே வீறல். போகப்போக இரண்டு அழுகைக்கு நடுவே குழந்தை துவண்டு தூங்கிக்கொண்டே இருக்கும். வாந்தி பச்சையாகும். மலத்தில் சளியும் ரத்தமும் கலந்து வரும். "சீதபேதி" என்று நினைத்து இன்னொரு நாள் போகும். ரத்தம் வரும்வரை காத்திருக்கவே கூடாது. முதல் சில மணி நேரத்தில் கொண்டுபோனால் பெரும்பாலும் கத்தியே தேவைப்படாது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ செலுத்திச் சொருகலை விடுவித்துவிடுகிறார்கள். தாமதித்தால் வயிற்றைத் திறக்க வேண்டும், சிலசமயம் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கவும் வேண்டும். இந்த நிலையில் உள்ள வயிற்றை எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவது எவ்வளவு கொடுமை என்று சொல்லத் தேவையில்லை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் உருண்டைப் புழுக்களே கற்றையாகச் சேர்ந்து குடலை அடைத்தன. 2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டில் கீழே போடாமல் சாப்பிட வையுங்கள். இப்போதைய ஆபத்துகள் வேறு. தண்ணீரில் போட்டால் பல மடங்கு பெருக்கும் வண்ண வண்ண ஜெல்லி உருண்டைகள், குடலுக்குள்ளும் அதேபோலப் பெருக்கும். பொம்மையில் இருந்து கழன்ற சின்னக் காந்தங்கள் இரண்டை விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போடும். 2020 ஜனவரியில் கோவையில் 13 வயதுப் பெண் ஒருத்தியின் வயிற்றில் இருந்து அரைக் கிலோ முடியும் காலி ஷாம்பு பாக்கெட்டுகளும் எடுத்தார்கள். மனக்கஷ்டத்தில் முடியைப் பிடுங்கித் தின்னும் பழக்கம் அது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அறுவைக்குப் பிறகு மனநல ஆலோசனையும் வேண்டும். திட்டு வேண்டாம்.

முடி, கல், இறுகிய மலம் குடலை அடைக்கும் என்பது நம் நாட்டு வைத்தியர்களுக்குப் புதிது அல்ல. சுஸ்ருத சம்ஹிதையில் பத்தகுதோதரம் என்ற பெயரில் இந்த நோய் வருகிறது. அதற்குச் சொல்லப்படும் வைத்தியம் தைரியசாலிகளுக்கானது. தொப்புளுக்குக் கீழே நடுக்கோட்டில் இருந்து நாலு விரற்கடை இடப்பக்கம் தள்ளிக் கீறி, குடலை வெளியே எடுத்துச் சோதித்து, அடைத்திருப்பதை நீக்கி, தேனும் நெய்யும் தடவி உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். குடலில் கிழிசல் இருந்தால் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்துக் கருப்பு எறும்புகளைக் கடிக்க விட்டு, எறும்பின் உடலைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தலையை அப்படியே விட்டுவிட வேண்டும், அதுதான் தையல். மயக்க மருந்து இல்லாத காலத்தில் எத்தனை பேர் பிழைத்தார்களோ. ஆனால் வயிற்றைத் தடவி எடுத்துவிடலாம் என்று அந்தப் பழைய நூல்கூடச் சொல்லவில்லை என்பதைத் தொக்கம் எடுப்பவர்கள் கவனிக்கலாம்.

இனி பெரியவர்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் 1964-இல் வந்த அம்பத்தூர் எஸ்டேட் நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் சோறு போடுகிறது. வார்ப்புப் பட்டறை, லேத், பேக்கிங், லோடு ஏற்றி இறக்குவது என்று எடை தூக்கும் வேலைகள். அடிவயிறு, தொடை இடுக்கு, தொப்புள் என்று தசை பலவீனமான இடத்தில் குடல் பிதுங்கி வெளியே வரும். குடலிறக்கம், எல்லோரும் சொல்வது ஹெர்னியா. இருமினால் வீங்கும், படுத்தால் உள்ளே போய்விடும். வலியும் பெரிதாக இருக்காது. "படுத்தா சரியாயிடுதே" என்று பத்து வருஷம் பெல்ட் போட்டுக்கொண்டே ஷிப்ட் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மனைவியிடம்கூடச் சொல்லாதவர்களும் உண்டு. ஒருநாள் அது உள்ளே போகாது. கல் போல இறுகி, வலித்து, வாந்தி வரும். அப்போது அதை அமுக்கி உள்ளே தள்ளிப் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டும். அந்த நாள் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? நிதானமாக நாள் குறித்துச் செய்தால் ஹெர்னியா ஆபரேஷன் சாதாரணமானது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அயனாவரம் போகலாம். இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன.

பழைய ஆபரேஷன் தழும்பு இன்னொரு காரணம். வயிற்றைத் திறந்து மூடிய பிறகு உள்ளே குடல் மடிப்புகள் ஒன்றோடொன்றும் வயிற்றுச் சுவரோடும் நார் நாராக ஒட்டிக்கொள்வது உண்டு. அந்த நாரில் குடல் சிக்கிக்கொண்டால் அடைப்பு. அப்பெண்டிக்ஸ், கர்ப்பப்பை நீக்கம், புற்றுநோய் என்று எந்த அறுவைக்குப் பிறகும் வரலாம். மறுமாதம் வரலாம், இருபது வருஷம் கழித்தும் வரலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். சிசேரியனால் இப்படி அடைப்பு வருவது அரிதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் வயிற்று வலியோடு போகும்போது "எனக்கு முன்னாடி ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று டாக்டர் கேட்காமலே சொல்லிவிடுங்கள். புடவைக்குள் இருக்கும் தழும்பு அவசரத்தில் யார் கண்ணிலும் படாமல் போகும்.

நம் நாட்டில் மறக்கக் கூடாத மூன்றாவது காரணம் காசநோய். நுரையீரலில் மட்டும்தான் வரும் என்று நினைக்கிறோம். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடம் அதற்கு மிகவும் பிடித்த இடம். புண் உண்டாகி, ஆறி, தழும்பாகிக் குடல் சுருங்கும். சாப்பிட்ட பிறகு முறுக்கு வலி, வயிற்றில் கடமுடா சத்தம், மாலைக் காய்ச்சல், எடை குறைவது என்று மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு 1959-இல் காட்டியது நம் சென்னைதான். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வயிற்றுக் காசநோய்க்கு 6 மாத மருந்து போதும் என்று காட்டிய ஆய்வும் அங்கே நடந்ததுதான். மருந்து இலவசம். ஆனால் மருந்து சாப்பிடும்போதே புண் ஆறிச் சுருங்குவதால் அடைப்பு வரலாம். அப்போது "மருந்து ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினால் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களில் பாதி "மூலம், பௌத்திரம்" விளம்பரமாக இருக்கும். மலத்தில் ரத்தம் என்றதும் நம் மனம் நேராக அங்கே போகிறது. ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக மலச்சிக்கல் வந்தாலும், மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வந்தாலும், ரத்தம் போனாலும், காரணம் பெருங்குடல் புற்றாகவும் இருக்கலாம். மூலம் என்று லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் முழு அடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு. நோட்டீஸில் உள்ள நம்பருக்குப் போன் செய்வதற்கு முன் ஒரு அறுவை மருத்துவரிடம் ஆசனவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கூச்சமான பரிசோதனைதான். சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். நிற்கவைத்து ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். உப்பிய குடலில் காற்றும் தண்ணீரும் படிக்கட்டு மாதிரி தெரியும். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் இறக்கித் தேங்கியதை வெளியே எடுப்பார்கள். கையில் டிரிப். வாய் வழியாக ஒன்றும் கிடையாது. பிறகு மணிக்கணக்காக, சிலருக்கு இரண்டு மூன்று நாள் கூட, பார்த்துக்கொண்டே இருப்பார்கள். துணைக்கு இருப்பவர்களுக்குக் கோபம் வருவது இங்கேதான். "பட்டினி போட்டு ஒண்ணுமே பண்ணாம வச்சிருக்காங்க" என்று வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த டியூபும் டிரிப்பும்தான் வைத்தியம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓவன் வாங்கென்ஸ்டீன் என்ற அறுவை நிபுணர் 1930-களில் இப்படி மூக்குக் குழாயால் உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் குடல் அடைப்பு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. பழைய தழும்பு நாரால் வரும் அடைப்பில் பெரும்பாலானவை கத்தி இல்லாமலே இப்படி விடுபட்டுவிடுகின்றன. ஆனால் குடலுக்கு ரத்தம் நின்றுவிட்டதற்கான அடையாளம் தெரிந்தால் அந்த நிமிஷமே தியேட்டர். எப்போது காத்திருப்பது, எப்போது திறப்பது என்று முடிவெடுப்பதில்தான் அறுவை நிபுணரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அந்த முடிவை அவரிடமே விடுங்கள். கேள்வி கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கையெழுத்துக் கேட்டால், "ஊரிலிருந்து மாமா வரட்டும்" என்று ஆறு மணி நேரம் தள்ளாதீர்கள்.

சிலருக்கு வயிற்றில் பை வைக்க வேண்டிவரும். அந்த வார்த்தையைக் கேட்டதும் குடும்பமே அழும். கெட்டுப்போன குடலை வெட்டி எடுத்த பிறகு இரு முனைகளையும் உடனே இணைத்தால் தையல் பிரியலாம் என்று தோன்றினால் தற்காலிகமாகச் செய்யும் ஏற்பாடு அது. பலருக்குச் சில மாதத்தில் இன்னொரு அறுவை செய்து குடலை மறுபடி சேர்த்துவிடுவார்கள். பையோடு வேலைக்குப் போகிறவர்கள், பஸ் ஏறுகிறவர்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே, வீட்டில் யாருக்காவது முறுக்கி முறுக்கி வயிறு வலித்து, வாந்தியும் எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், பேதி மாத்திரை கொடுக்காதீர்கள். அடைத்த இடத்துக்கு எதிராகக் குடலை விரட்டினால் கிழிந்துபோகும். சாப்பாடும் தண்ணீரும் நிறுத்துங்கள். வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வராதீர்கள். 108-ஐ அழையுங்கள். பக்கத்தில் ஆவடி அரசு மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை. குழந்தை என்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையைத் தேடி நேரத்தைத் தொலைக்க வேண்டாம், பிறகு யாராவது கொண்டுவந்து கொடுக்கலாம். போகும் வழியில் நாலு விஷயத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: வலி எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது மலம் போயிற்று, கடைசியாக எப்போது காற்று பிரிந்தது, முன்பு என்ன ஆபரேஷன் நடந்தது.

இன்று இரவு சாப்பிடும்போது வீட்டுப் பெரியவர்களிடம் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள், அவர்களுக்கு ஹெர்னியா வீக்கமோ பழைய தழும்போ இருக்கிறதா என்று. இருந்தால் இந்த மாதமே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்